மூன்று என்று ஒரு பதில்

எண்ணை மட்டும் பதிலாக அனுப்புவது என் பழக்கம். யாராவது ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கைப்பேசியில் எழுதி, சரியா டீச்சர் என்று கேட்டால், திருத்தித் தர மாட்டேன். எத்தனை பிழை என்று மட்டும் சொல்வேன். எங்கே என்பதை அவர்களே தேட வேண்டும். தேடிக் கண்டுபிடித்தது மண்டையை விட்டுப் போகாது என்பது என் கட்சி. அந்தப் பழக்கத்தைப் பற்றி எனக்கு ஊர்ப்பட்ட பெருமை இருந்தது. இப்போது அந்தப் பெருமை இல்லை.

நான் படித்துப் பட்டம் வாங்கிய ஆசிரியை இல்லை. மலாக்கா டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவள். வக்கீலின் ஆங்கிலத்திலேயே பிழை கண்டுபிடித்தவள் என்று ஒரு பெயர் எனக்கு உண்டு. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் அதில் எழுத்துப்பிழை பார்ப்பேன். உன்னோடு கடைத்தெருவுக்குப் போனால் போர்டு படித்தே பொழுது போய்விடும் என்று என் கணவர் கிண்டல் செய்வார்.

இந்த நோய் எங்கே பிடித்தது என்பது எனக்குத் தெரியும். சிம்பாங் அம்பாட் பக்கத்து எஸ்டேட்டில் பிறந்து, தமிழ்ப்பள்ளி முடித்து, டவுன் இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வாரம். அப்பா என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கில ஆசிரியர் ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டார். ரப்பர் மரத்தில் பால் எடுப்பதை எங்கள் லயத்து வீடுகளில் மரம் வெட்டுவது என்றுதான் சொல்வோம். நானும் எழுந்து நின்று, ‘மை ஃபாதர் கட் ட்ரீ’ என்றேன். தினமும் மரத்தை வெட்டினால் இந்நேரம் எஸ்டேட்டே மொட்டையாகியிருக்குமே என்றார் ஆசிரியர். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஐந்து வருடம் நான் அந்தப் பள்ளியில் ஆங்கிலத்தில் வாயைத் திறக்கவில்லை. எழுத்தில் மட்டும் ஒரு பிழைகூட விடாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். பயந்துதான் கற்றுக்கொண்டேன்.

ஓய்வுக்குப் பிறகு ஆயர் குரோ பக்கம் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வகுப்பு எடுக்க, அங்கே ஆபீஸராக இருக்கும் ஒரு மலாய்க்கார அம்மா கூப்பிட்டார். ஓரளவு ஆங்கிலம் தெரிந்த பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிக்கொடுக்க வேண்டும், வாரம் இரண்டு நாள். பெரும்பாலும் எங்கள் எஸ்டேட்டுகளிலிருந்து டவுனுக்கு வந்தவர்களின் பிள்ளைகள். அவர்கள் செய்யும் பிழைகள் எல்லாம் நான் செய்தவைதான். நேற்று நடந்ததை இன்று நடப்பதுபோல் சொல்வார்கள். லைட்டைப் போடுவதற்கு ‘ஆன் த லைட்’ என்பார்கள். உன்னோடு வருகிறேன் என்பதற்கு ‘ஐ ஃபாலோ யூ’ என்பார்கள். சூப்பர்வைசர் நல்லவர் என்று சொல்ல வந்தால், ‘மை சூப்பர்வைசர் ஹி வெரி குட்’ என்று ஒரே ஆளை இரண்டு முறை சொல்வார்கள்.

அந்த வகுப்பில்தான் அவள் இருந்தாள். நாற்பது வயதைத் தாண்டியவள். பதினாறு வருடமாக அதே தொழிற்சாலையில், பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் வார்க்கும் மெஷின் ஓட்டுகிறாள். கணவர் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகளும் படிக்கிறார்கள். லைன் லீடர் ஆக வேண்டும், அதற்கு ஆங்கிலம் வேண்டும் என்று வந்து சேர்ந்தாள். முன் வரிசையில் உட்கார்ந்து, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வாள். வாய் மூடாது. பேச்சு முழுவதும் ஓட்டை, ஆனால் நிற்காமல் ஓடும்.

அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. காலை ஷிப்ட் முடிந்து போகிறவர், மெஷினில் என்ன கோளாறு, எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். மத்தியான ஷிப்டுக்கு வருகிறவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷினைத் தொடலாம். நேப்பாளம், பங்களாதேஷ் என்று பல நாட்டுக்காரர்கள் வேலை செய்வதால் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஒரு ஷிப்ட் வெளியே போகும்போது அடுத்த ஷிப்ட் வேறு வாசலில் வரிசையில் நிற்கும். முகத்தைப் பார்த்துச் சொல்ல வழி கிடையாது. அந்த நோட்டுதான் பேச்சு.

நான் என்ன செய்தேன் என்றால், அந்த நோட்டுகளின் பக்கங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லி, வகுப்பில் திரையில் போட்டேன். பெயர் எதையும் காட்டவில்லை. பிழையைக் கண்டுபிடியுங்கள் என்றேன். ஒவ்வொரு வரிக்கும் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். ஒரு வரி வந்தபோது அவளும் சிரித்தாள், ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரித்தாள். அது அவள் எழுதியது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின் வரிசைக்குப் போனாள். நோட்டில் எழுத வேண்டியதை முதலில் எனக்கு அனுப்ப ஆரம்பித்தாள். மெஷின் இருக்கும் இடத்துக்குக் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது. ஷிப்ட் முடிவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால், கழிப்பறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, லாக்கர் அறைக்கு வந்து, அங்கே நின்றபடி எழுதி அனுப்புவாள். நான் எண்ணை அனுப்புவேன். அவள் திருத்தி மறுபடி அனுப்புவாள். சரி என்று நான் சொன்ன பிறகுதான் ஓடிப்போய் நோட்டில் எழுதுவாள். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. என் வகுப்பில் ஒருத்தி எவ்வளவு அக்கறையாக இருக்கிறாள் என்று புக்கிட் பெருவாங்கில் இருக்கும் என் தங்கையிடம்கூடச் சொன்னேன்.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு அவளிடமிருந்து செய்தி வந்தது. நான் சமையல் மேசையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திறந்து பார்த்தேன். ‘3’ என்று அனுப்பினேன். பக்கத்தில் ஒரு சிரிக்கும் பொம்மையும் போட்டேன். மறுபடி வெங்காயத்தைக் கையில் எடுத்தேன். அன்று அவள் திருத்தி அனுப்பவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு அவள் போன் செய்தாள். அழவில்லை. குரல் மட்டும் எங்கேயோ தூரத்தில் இருந்தது.

“டீச்சர், என் மெஷின்ல மத்தியான ஷிப்டுக்கு வர்ற நேப்பாளப் புள்ளைக்கி கை வெந்து போச்சி. மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும். ஆஸ்பத்திரிக்கி தூக்கிட்டுப் போயிருக்காங்க. நாளைக்கி என்னைய வேலைக்கி வர வேணாம்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு.”

“உன்னைய ஏன்மா?”

“நோட்டுல நான் எழுதல டீச்சர்.”

போனை வைத்ததும் அவள் அனுப்பியிருந்த செய்தியைத் திறந்தேன். ‘மெஷின் செவன் டோர் ஓப்பன் ஆல்சோ ஸ்டில் ரன்னிங். டோன்ட் புட் ஹேண்ட். ஐ ஆல்ரெடி டெல் டெக்னீஷியன்.’

கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிட வேண்டும். அன்று நிற்கவில்லை. கையை விடாதே என்று அவள் எழுதியிருக்கிறாள். சரிசெய்பவரிடம் சொல்லிவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாள். மூன்று வரி. ஒரு குழந்தைக்குக்கூடப் புரியும். மத்தியானம் அதே மூன்று வரி என் கண் முன்னால் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவே இல்லை. பிழைகளைத்தான் படித்தேன். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்கடுத்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், பயந்துகொண்டே போயின என்றுதான் சொல்ல முடியும். கைப்பேசி கிர்ரென்றால் உடம்பு தூக்கிப்போட்டது. அந்தப் பெண்ணின் விரல்கள் அசையுமா என்ற பயம் ஒரு பக்கம். இந்த ‘3’ யாருக்காவது தெரிந்துவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிய பயம் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளத் துணியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்கலாம். போகவில்லை. கட்டுப்போட்ட கையைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஐந்தாம் நாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் கம்பெனிக் கடிதம். பாதுகாப்பு விதியை மீறியதற்காக ஏன் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று காரணம் கேட்டிருந்தார்கள். எழுத்தில் பதில் கொடுத்த பிறகு நேரில் விசாரணை. விசாரணைக்கு வெளிநாட்டிலிருந்து பாதுகாப்பு அதிகாரி ஒருவர் வருகிறாராம்.

“அந்தப் புள்ள எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“வெரல் அசையுது டீச்சர். தழும்பு மட்டும் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நான் தெனமும் கஞ்சி கொண்டுபோயி குடுக்கறேன்.”

அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவள் தன் பதிலை எடுத்து நீட்டியதும் அந்த நிம்மதியும் போய்விட்டது. நேரமாகிவிட்டதால் எழுத மறந்துவிட்டேன், மன்னியுங்கள் என்று எழுதியிருந்தாள்.

“பாத்து திருத்திக் குடுங்க டீச்சர். இதுலயும் தப்பு இருந்தா மானம் போயிரும் லா.”

“நீ மறக்கலயேமா. எனக்கு அனுப்பினியே.”

அவள் தலையைக் குனிந்தாள். “மூணுன்னு போட்டீங்க. லாக்கர்ல நின்னு தேடுனேன் டீச்சர். ஒண்ணுதான் கெடச்சிச்சி. மணி அடிச்சிருச்சி. தப்போட எழுதிட்டுப் போனா மறுபடி திரையில போட்டுருவீங்களோன்னு…” நிறுத்திக்கொண்டாள். பிறகு, “ஒங்க பேர எங்கயும் எழுதல. பயப்படாதீங்க,” என்றாள்.

வேலை போகப் போகிறது அவளுக்கு. பயப்படாதீங்க என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள். என் மூஞ்சி அப்படி இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட மோசம், அவள் அப்படிச் சொன்ன நொடியில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பம் இல்லை. வந்தது.

அவள் போன பிறகு கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுவே என்னைக் கலக்கியது.

“அவளே ஒன்னைய சொல்லல. நீ ஏன் வலியப் போயி தலையக் குடுக்கற? வகுப்புக்கு ஒன்னைய கூப்பிட்டதே அந்த ஆபீஸர் அம்மாதான். அவங்க முன்னால போயி இதச் சொன்னா, நாளைக்கி ஊர்ல எந்தக் கம்பெனி ஒன்னைய கூப்பிடும்?”

“அந்தச் செய்தி இல்லன்னா அவ மறந்துட்டான்னுதான் ஆவும். மறந்தவள வேலையில வெப்பாங்களா?”

அவர் எழுந்து போனார். அன்று முழுவதும் கைப்பேசியில் அவள் செய்தியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஒருமுறை என் விரல் அழிக்கும் இடத்துக்கே போய்விட்டது. அவளிடமும் அந்தச் செய்தி இருக்கும் என்ற நினைப்புத்தான் தடுத்தது. என் யோக்கியதை தடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு, அந்தப் பதிலைக் கிழித்துப் போடு, நடந்ததை நடந்தபடி எழுது, நானும் சாட்சிக்கு வருகிறேன் என்றேன். திருத்திக் குடுப்பீங்களா டீச்சர் என்றாள். மாட்டேன் என்றேன். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் தானே எழுதிக் கொடுத்தாள்.

விசாரணை அன்று பெரிய மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர், என்னை வகுப்புக்குக் கூப்பிட்ட மலாய்க்கார அம்மா. இன்னொருவர் அந்த வெளிநாட்டு அதிகாரி. அவருக்கு ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரியாது. மலாயில் பேசு, நான் மொழிபெயர்க்கிறேன் என்று அந்த அம்மா நல்ல மனதோடுதான் சொன்னார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். காரணத்தை வரும் வழியிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள். ஒருமுறை சம்பளப் பிரச்சினைக்கு இதே அறையில் அவள் மலாயில் அரைமணி நேரம் பேச, அப்போது இருந்த ஒருவர் அதை இரண்டே வரியில் ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிட்டாராம். இந்த முறை அவள் வாயால் அவளே சொல்ல வேண்டுமாம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். கைப்பேசியைத் திறந்து மேசைமேல் வைத்தேன். அந்த அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளுடைய மூன்று வரியையும் சத்தமாகப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“தெளிவாக இருக்கிறதே. இதை ஏன் நோட்டில் எழுதவில்லை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிறகு விரலைக் கீழே நகர்த்தினார். “இந்த மூன்று என்பது என்ன?”

அது பிழைகளின் எண்ணிக்கை, ஐயா, என்றேன். அவருக்குப் புரியவில்லை. எந்தப் பிழை என்று கேட்டார். நான் விளக்கினேன். வகுப்பில் திரையில் போட்டதையும், எல்லாரும் சிரித்ததையும் சொன்னேன். என் ஆங்கிலத்தில் அன்று ஒரு பிழையும் இல்லை. சொல்லி முடித்தபோது மலாய்க்கார அம்மா கையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் பக்கம் திரும்பி, அன்று என்ன பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், சொல்லுங்கள் என்றார்கள்.

அவள் வாயைத் திறந்தாள். ‘தட் டே மார்னிங்’ என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி ஆரம்பித்தாள். மூன்று வார்த்தை. மறுபடி என் முகம். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டாலும் அவள் அதில் பிழையைத்தான் படிக்கிறாள். சிரிக்க முயன்றேன், அது இன்னும் மோசமாகப் போனது. உதட்டில் வியர்வை பூத்து அவள் நின்றாள். சரிசெய்பவரிடம் அவள் முன்கூட்டியே சொன்னது, அவர் பிறகு வருகிறேன் என்று போனது, எல்லாம் அவள் வாயிலிருந்துதான் வர வேண்டும். வராவிட்டால் பதினாறு வருட வேலை அன்றோடு போய்விடும். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளியில் எழுந்து நின்ற அன்றுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

நான் எழுந்தேன். மன்னிக்கவும், நான் வெளியே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் நடந்து, கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவில் நின்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அவள் குரல் கேட்டது. முதலில் மெல்ல வந்தது, அப்புறம் வேகம் பிடித்தது. வார்த்தைகள் காதில் தெளிவாக விழவில்லை. ஆனால் எங்கேயும் நிற்கவில்லை. இடையில் ஒருமுறை மேசையைத் தட்டும் சத்தம்கூடக் கேட்டது. அவள்தான் தட்டியிருக்க வேண்டும்.

முடிவை அன்று சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து, நான் கோயிலில் இருந்தபோது போன் செய்தாள்.

“லெட்டர் வந்திருச்சி டீச்சர். வார்னிங் மட்டுந்தான். வேல இருக்கு. அந்த டெக்னீஷியனையும் கூப்பிட்டு விசாரிச்சிருக்காங்க.”

அங்கேயே தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நல்லதும்மா, நல்லதும்மா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு உள்ளே அவ்வளவு நேரம் என்னம்மா சொன்னே என்று கேட்டேன்.

“என்னா சொன்னேன்னு எனக்கே தெரியல டீச்சர். நீங்க வெளிய போனீங்க பாருங்க, ஒடனே வாய் வந்திருச்சி.”

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நான் செய்த உதவிக்கு நன்றி சொல்கிற குரலில்தான் சொன்னாள். கம்பெனியில் வகுப்பைத் தொடரச் சொல்லியிருக்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் போகிறேன். கதவைத் திறந்து உள்ளே நுழையும்போது, அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்துவது எனக்கு இப்போது கேட்கிறது.